கோபுரத்தில் ஒரு கூடு, கொல்லையில் ஒரு கூடு

பொழுது விடியும் முன்பே காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் விழித்துக்கொள்கிறது. முதலில் கேட்பது தறிச் சத்தம். குழித்தறியில் கால் மிதிக்க, கை நாடாவைத் தள்ள, ‘டக் டக்’ என்று ஒரு வீட்டில் தொடங்குவதை அடுத்த வீடு வாங்கிக்கொள்கிறது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பவர்களும் உண்டு.

கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் இரண்டாவது சத்தம் ஆரம்பிக்கிறது. கொல்லைப்புறத்து முருங்கையில் பூ விரிந்திருந்தால், மரத்தடியில் நின்றாலே அது காதில் விழும். சின்ன மோட்டார் ஒன்று ஓடுவதுபோல ஓயாத ரீங்காரம். தேனீக்கள் வேலைக்கு வந்துவிட்டன.

காஞ்சிபுரத்துக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு பூச்சி, பட்டுப்புழு. ஆனால் அந்தப் புழு ஊருக்குள் வசிப்பதில்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. புழு தின்னும் மல்பெரிக்கும் தேனீயின் தயவு தேவையில்லை. அதற்கு மகரந்தம் கொண்டுவருவது காற்று. இந்த ஊரிலேயே கூடு கட்டி, இந்த ஊர்த் தோட்டத்திலேயே பிழைத்து, யாரிடமும் பேர் கேட்காமல் இருக்கிற பூச்சி தேனீதான். அதனோடு சண்டை போடாமல் வாழ்வது எப்படி என்பதுதான், தறி வைத்திருக்கும் வீட்டிலும் கோயிலுக்கு வரும் குடும்பத்திலும் அவ்வப்போது எழுகிற கேள்வி.

தலைக்கு மேலே தொங்கும் திரை

சிவகாஞ்சியில் ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் 192 அடி உயரம். 1509இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் எழுந்தது. அண்ணாந்து பார்ப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது சுதைச் சிற்பங்கள். தமிழ்நாட்டுக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள் இன்னொன்றையும் தேடுவார்கள்: மாடத்துக்கு அடியிலோ கொடுங்கையின் நிழலிலோ, கறுத்த அரைவட்டமாக ஏதாவது தொங்குகிறதா?

அப்படித் தொங்கினால் அது மலைத்தேனீயின் கூடு. மலையில்தான் கட்டும் என்பதில்லை. உயரமும், மேலே ஒரு கூரைபோன்ற நிழலும் இருந்தால் போதும். கோபுரம், பாலம், தண்ணீர்த் தொட்டி, அடுக்குமாடிக் கட்டடம் எல்லாமே அதற்கு மலைதான். மற்றத் தேனீக்களைப்போல அடுக்கடுக்காகக் கட்டாது. ஒரே ஓர் அடை, பெரியதானால் ஒரு மீட்டரையும் தாண்டும். அதன்மேல் ஆயிரக்கணக்கான தேனீக்கள் உடம்போடு உடம்பு ஒட்டித் திரைபோல மூடியிருக்கும். குளவி ஏதாவது நெருங்கினால் அந்தத் திரையில் ஓர் அலை ஓடும். தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கிக் காட்டுவதால் வருகிற அலை அது. ‘இதோடு நில்’ என்பது அதன் பொருள்.

சீசனுக்குச் சீசன் இடம் பெயர்கிற தேனீ இது. பூ குறைந்தால் கிளம்பிவிடும். அடுத்த ஆண்டு அதே கிளைக்கும் அதே மாடத்துக்கும் திரும்பி வருவதும் உண்டு. போன ஆண்டு பறந்த வேலைக்காரத் தேனீக்கள் எதுவும் அப்போது உயிரோடு இருக்காது. ஆனாலும் கூட்டத்துக்கு விலாசம் மறப்பதில்லை.

இந்தத் தேனீதான் உண்மையில் ஆபத்தானது. கூட்டைக் கல்லால் அடிப்பது, அதற்கு அடியில் வெடி வெடிப்பது, தீப்பந்தம் காட்டுவது, கீழே பெரிய புகை போடுவது ஆகியவைதான் பெரும்பாலும் விபத்தில் முடிகின்றன. பருந்து வந்து கூட்டைக் கலைப்பதும் உண்டு. ஒரு தேனீ கொட்டும்போது கொடுக்கோடு சேர்ந்து ஒரு வாசனையும் வெளிப்படும். வாழைப்பழ வாசனையை ஒத்த அந்த மணம், ‘இங்கே கொட்டுங்கள்’ என்று மற்றத் தேனீக்களுக்குக் கொடுக்கும் தகவல். அதனால்தான் ஒன்று பத்தாகி, பத்து நூறாகிறது.

தமிழர்கள் நிறையப் பேர் போய்வருகிற இலங்கையின் சிகிரியா மலைக்கோட்டையில் இதே சிக்கல் நெடுநாளாக உண்டு. பாறைச் சுவரில் மலைத்தேனீக் கூடுகள் தொங்குகின்றன; கீழே படிக்கட்டில் மக்கள் ஏறுகிறார்கள். சத்தம் போடாமல் ஏறச் சொல்லும் அறிவிப்புப் பலகைகளும், தேனீ கலைந்தால் உள்ளே புகுந்துகொள்ளக் கம்பிவலை அடித்த கூண்டும் அங்கே வைத்திருக்கிறார்கள். பாறையையும் மூடவில்லை, தேனீயையும் கொளுத்தவில்லை. மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றியிருக்கிறார்கள்.

காஞ்சிக்கு வரும் குடும்பத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும். கூடு இருப்பது தெரிந்தால் அதற்கு நேர் கீழே நின்று போட்டோ எடுக்க வேண்டாம். டிரோன் பறக்கவிட வேண்டாம். குழந்தை கல்லெடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கனமான சென்ட் வாசனையையும் அந்தப் பக்கம் தவிர்க்கலாம். கோயில் ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் போதும்.

மொட்டைமாடியில் மஞ்சள் புள்ளி

கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் துணி உலர்த்துகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவதுண்டு. வெள்ளை வேட்டியில் திடீரென்று மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். மழையும் இல்லை, சாயப்பட்டறையும் பக்கத்தில் இல்லை.

இந்தப் புள்ளி ஒரு காலத்தில் உலக அரசியலையே கலக்கியது. 1981இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், தென்கிழக்கு ஆசியாவில் ‘மஞ்சள் மழை’ என்ற பெயரில் நச்சு ஆயுதம் வீசப்படுவதாகச் சோவியத் தரப்பின்மேல் குற்றம் சாட்டினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாத்யூ மெசெல்சனும் சக ஆய்வாளர்களும் அந்தப் புள்ளிகளை ஆராய்ந்தார்கள். உள்ளே இருந்தது செரித்த மகரந்தம். மலைத்தேனீக் கூட்டம் மொத்தமாகப் பறந்து எழுந்து வயிற்றைக் காலி செய்ததன் தடம் அது என்று அவர்கள் விளக்கினார்கள்.

ஆகவே மஞ்சள் புள்ளியைக் கண்டால் பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் எங்கோ பெரிய கூடு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். துணியை உடனே அலசிவிடலாம். பட்டுப் புடவையை மட்டும் அந்தச் சீசனில் திறந்த மாடியில் காற்றாட விடாமல், வீட்டுக்குள் நிழலில் போடுவது நல்லது.

தேனீக்கும் கும்பிடு

தேன்கூட்டைக் கண்டதும் கொளுத்துவது நம் பழக்கத்தின் ஒரு பக்கம். கைகூப்புவது இன்னொரு பக்கம். திருவாரூர் பக்கத்துத் திருக்கண்ணமங்கை பக்தவத்சலப் பெருமாள் கோயிலில், தாயார் சந்நிதியில் உள்ள தேன்கூட்டுக்கே வழிபாடு உண்டு. பெருமாளைப் பிரிய மனமில்லாத முனிவர்கள் தேனீக்களாக அங்கே தங்கிவிட்டார்கள் என்பது ஐதீகம். அதே வட்டாரத்து நன்னிலத்தில் சிவனுக்கு மதுவனேஸ்வரர் என்றே பெயர். தேவர்கள் தேனீ வடிவெடுத்து வழிபட்ட தலம் என்று அந்தக் கோயிலின் கதை சொல்கிறது.

காஞ்சிக்கும் இதில் பங்கு உண்டு. காமாட்சியின் கையில் இருப்பது கரும்பு வில்லும் மலர் அம்புகளும். கரும்பு வில் மன்மதனுக்கும் உரியது. அவன் வில்லின் நாண் வண்டுகளால் ஆனது என்பது கவிஞர்களின் கற்பனை. கரும்பு, மலர், வண்டு மூன்றையும் ஒரே ஆயுதத்தில் கட்டிவைத்தவர்கள் தோட்டத்தை நன்றாகப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் ஒரே தேனீ அல்ல

வீட்டில் கூடு கண்டால் முதலில் செய்ய வேண்டியது, யார் வந்திருக்கிறார் என்று தள்ளி நின்று பார்ப்பது. ஆளுக்குத் தகுந்த மரியாதை.

*மலைத்தேனீ:* உருவத்தில் பெரியது. உயரத்தில், திறந்த வெளியில், ஒற்றை அடை. கிட்டப் போகவே கூடாது.

*கொம்புத்தேனீ:* சின்னஞ்சிறிய தேனீ. புதரிலோ செம்பருத்திக் கிளையிலோ, கிளையைச் சுற்றி உள்ளங்கை அளவில் ஒற்றை அடை கட்டும். சாதுவானது. கிளையை வெட்டி உலுக்காதவரை தொந்தரவு இல்லை.

*இந்தியத் தேனீ:* அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். மரப்பொந்து, சுவர் விரிசல், மீட்டர் பெட்டி, பழைய பானை என இருட்டான பொந்துக்குள் பல அடைகளை அடுக்காகக் கட்டும். பெட்டியில் வைத்து வளர்க்கலாம்.

*கொசுத்தேனீ:* கொசு அளவுதான் இருக்கும். கொட்டாது. சுவர் ஓட்டையில் பிசினால் ஒரு சின்னக் குழாய்வாசல் வைத்திருக்கும். பழைய வீட்டுச் சுவரில் இதைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடலாம்.

*கருவண்டு:* கறுப்பாக, குண்டாக, பயமுறுத்தும் சத்தத்தோடு வரும். உத்தரத்திலும் மூங்கிலிலும் துளை போடுவது இதுதான். தனியாக வாழும், கூட்டமாகத் தாக்காது. முருங்கையில் காய் பிடிக்கப் பெரிய உதவி செய்வதும் இதுதான்.

*குளவி:* இது தேனீயே அல்ல. இடுப்பு மெலிந்திருக்கும், தேன் சேர்க்காது. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் ஒருமுறை கொட்டியதும் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும், தேனீ இறந்துபோகும். குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். கூட்டமாக வாழும் பெரிய கதண்டுகளின் கூடு வீட்டருகே இருந்தால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதே சரி.

இவற்றைத் தவிர இன்னொரு காட்சியும் உண்டு. ஒருநாள் காலையில் மாமரக் கிளையில், கூடு எதுவும் இல்லாமல் தேனீக்கள் மட்டும் கொத்தாகத் தொங்கும். புது வீடு தேடிக் கிளம்பிய கூட்டம் வழியில் இளைப்பாறுகிறது. காக்க வேண்டிய குஞ்சும் தேனும் இல்லாததால் அப்போது அது சாந்தமாகவே இருக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானாகக் கிளம்பிவிடும். அதுவரை குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடாமல் இருந்தால் போதும்.

தறி வீட்டுக்குள் வராமல் இருக்க

நெசவு வீட்டில் தறியும் நூலும் மரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பாவில் கை வைத்தவர் சட்டென்று எழுந்து ஓட முடியாது. கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் சேர்த்து நெய்ய இரண்டு பேர் ஒத்துப்போக வேண்டும். நடுவே ஒரு தேனீ புகுந்து கை பதறினால் இழை அறும். ஆகவே வராமல் பார்த்துக்கொள்வதில் இங்கே எல்லோருக்கும் அக்கறை உண்டு. அதற்கு மருந்தைவிட மராமத்துதான் முதலில் வேண்டும்.

ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, பயன்படாத குழாய் வாய், மீட்டர் பெட்டியின் பின்புறம், மாடித் தொட்டியின் மூடி ஆகியவற்றைச் சிமென்ட்டாலோ சின்னக் கண்ணுள்ள வலையாலோ அடைத்துவிட வேண்டும். உள்ளே ஏற்கெனவே தேனீ இருந்தால் அடைக்கக் கூடாது. வெளியே போக வழியில்லாத தேனீ வீட்டுக்குள் வழி தேடும்; உள்ளே செத்தால் அடை உருகித் தேன் வழிந்து எறும்பு வரும். முதலில் கூட்டைப் பெயர்த்து எடுக்க ஆள் வேண்டும், அடைப்பதெல்லாம் பிறகுதான்.

கருவண்டு துளைக்கும் உத்தரத்துக்கு வார்னிஷோ பெயின்ட்டோ அடிப்பது பலன் தரும். வெறும் மரத்தைத்தான் அது விரும்பும். பழைய துளைகளை, வண்டு இல்லாத நேரம் பார்த்து அடைக்கலாம். தோட்டத்து மூலையில் காய்ந்த கட்டை ஒன்றைப் போட்டுவைத்தால் அதற்கும் ஓர் இடம் கிடைக்கும்.

இரவு வெளிச்சமும் கவனிக்க வேண்டிய ஒன்று. மலைத்தேனீ நிலவொளியில்கூட இரை தேடப் போகும். அதனால் பக்கத்தில் கூடு இருந்தால் வாசல் டியூப்லைட்டைச் சுற்றி வந்து விழும். காலையில் தரையில் கிடக்கும் தேனீயை மிதித்தாலும் கொடுக்கு குத்தும். அந்த நாள்களில் வாசல் விளக்கை அணைத்துவைப்பது, ஜன்னல் திரையை இழுத்துவிடுவது, செருப்பை உதறிப் போட்டுக்கொள்வது என்று மூன்று பழக்கங்கள் போதும்.

தேனீ தண்ணீருக்கும் வரும். கத்தரி வெயிலில் கூட்டைக் குளிர்விக்க அதற்குத் தண்ணீர் வேண்டும். சொட்டுகிற குழாயைக் கண்டுபிடித்துவிட்டால் தினமும் அங்கேதான் வரும். குழாயைச் சரிசெய்துவிட்டு, கொல்லையின் கடைசியில் அகலத் தட்டில் தண்ணீரும், கால் வைக்கக் கூழாங்கல்லும் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். கோடை தொடங்குவதற்கு முன்பே வைத்துப் பழக்கினால்தான் பலிக்கும். கொசு முட்டை வைக்காமல் இருக்கத் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும்.

செய்யவே கூடாதது ஒன்று. ராத்திரியில் மண்ணெண்ணெய்ப் பந்தம் கட்டிக் கூட்டைக் கொளுத்துவது. ஓலைக் கூரையும் பட்டு நூலும் இருக்கிற தெருவில் ஒரு பொறி போதும். தேனீ வளர்ப்பவர் போடும் புகை வேறு. அது சூடில்லாத மெல்லிய புகை. தேனீயின் ஆபத்து வாசனையை அது மறைத்துவிடும். தேனீயும் கிளம்ப நேரிடுமோ என்று வயிறு நிறையத் தேன் குடித்து மந்தமாகும். தீப்பந்தத்துக்கு அந்தக் குணம் கிடையாது. ஆள் நடமாடும் இடத்தில் மலைத்தேனீக் கூடு இருந்தால் 101 அல்லது 112க்குப் போன் செய்து தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். பொந்தில் இருப்பது இந்தியத் தேனீயானால், பக்கத்தில் உள்ள தேனீ வளர்ப்பவரே சந்தோஷமாக வந்து பெட்டியில் எடுத்துப்போவார்.

ஒரு காகிதக் கப்பின் கதை

காந்தி ரோட்டில் புடவை எடுத்துக்கொண்டு வெளியே வருபவர்களுக்கு அடுத்த வேலை காபி. குடித்துவிட்டுப் போடும் காகிதக் கப்பின் அடியில் கொஞ்சம் சர்க்கரை தங்கும். அதைத் தேடித் தேனீ வரும், உள்ளே இறங்கும். வழவழப்பான கப்பில் ஏறி வர முடியாமல் அங்கேயே சாகும்.

இதை எண்ணிப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒருசில கடைகளின் கப்புக் குவியலில் மட்டும் ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் செத்துக் கிடந்ததைப் பதிவு செய்தார்கள். தீர்வு பெரிதல்ல. கடைக்கு மூடியுள்ள குப்பைத் தொட்டி, அல்லது பழையபடி கழுவி வைக்கும் டபரா டம்ளர். கடை வாசலில் தேனீ மொய்ப்பதும் அதோடு குறையும். கரும்புச்சாறு வண்டியின் சக்கைக்கும், வீட்டு வாசலில் மூடாமல் வைத்த பழத்தோலுக்கும் இதே நியாயம்தான்.

வரவேற்கத் தெரிந்த தோட்டம்

தேனீ வேண்டாம் என்பவர் வீட்டுக் கொல்லையிலும் பூசணிக் கொடி இருக்கும். பூசணி, பீர்க்கன், பாகல் மூன்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுசேர்க்கத் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். ‘கொடி நல்லாத்தான் இருக்கு, காயே நிக்கலையே’ என்று புலம்பும் வீட்டில் பல நேரம் குறை உரத்தில் இல்லை, தேனீ வராததில்தான்.

அழைப்பதற்குப் பெரிய செலவில்லை. துளசியைப் பூக்க விட்டால் போதும். தும்பை, கறிவேப்பிலை, சூரியகாந்தி, பத்துமணிப் பூ, கொடிரோஸ் எல்லாம் தேனீக்குப் பிடித்தவை. இடம் உள்ளவர்களுக்குப் புங்கன், வேம்பு, நாவல், புளி. காஞ்சிபுரம் இட்லிக்கு மூங்கில் கூடையில் விரிக்கும் இலை மந்தாரையுடையது. அந்த மந்தாரை பூத்தாலும் தேனீ வரும். ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரமான மாவுக்கு நான்கு கிளை, நான்கு சுவை என்று பக்தர்கள் சொல்வார்கள். எந்த மாமரமானாலும் அதன் பூவுக்கு ஈயும் தேனீயும் வந்தால்தான் பிஞ்சு நிற்கும்.

எங்கே நடுகிறோம் என்பதில்தான் நுட்பம். பூச்செடிகளை வாசற்படியிலும் ஜன்னலடியிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்காமல், கொல்லையின் கடைசியில், காலை வெயில் விழும் பக்கமாக நட்டால் தேனீயின் போக்குவரத்து அந்தப் பக்கமே இருக்கும். தேனீக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா நிறமும் தெரியும். சிவப்பு மட்டும் தெரியாது. காந்தி ரோட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் அரக்குப் புடவை, தேனீயின் கண்ணுக்குக் கறுப்புத் துணிதான்.

பூச்சி மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால், வேப்பெண்ணெய்க் கரைசலானாலும், பொழுது சாய்ந்து தேனீ கூடு திரும்பிய பிறகு அடிக்க வேண்டும். பூத்திருக்கும் செடியில் பகலில் மருந்து அடிப்பது, வேலைக்கு வந்தவருக்கு விஷம் வைப்பதற்குச் சமம்.

ஆர்வம் மிஞ்சியவர்கள் பெட்டியே வைக்கலாம். தமிழ்நாட்டில் அதற்கு நூறாண்டுப் பழக்கம் இருக்கிறது. திருச்சிப் பக்கம் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கு ஏற்றபடி வடிவமைத்த சிறிய மரப்பெட்டி, அவர் பெயராலேயே நியூட்டன் பெட்டி எனப்படுகிறது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியோடு பரவிய தேனீ வளர்ப்பு ஒரு வட்டாரத்தின் தொழிலாகவே வளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் ‘தாய் சாக்புரூட்’ என்ற வைரஸ் நோய் தென்னிந்தியத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தபோதும், மிஞ்சியதை வைத்து அவர்கள் மீண்டு வந்தார்கள். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பதுபோல இப்போது மார்த்தாண்டம் தேனுக்கும் இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறது. பயிற்சி இல்லாமல் பெட்டி வாங்குவது, நெசவு தெரியாமல் தறி வாங்குவதைப் போன்றதுதான்.

கொட்டிவிட்டால்

ஒரே ஒரு தேனீ முகத்தருகே சுற்றினால் அசையாமல் நின்றால் போதும். கையை வீசினால்தான் கோபம் வரும்.

கூட்டமாக வந்தால் கதை வேறு. அப்போது நிற்கக் கூடாது. தலையையும் முகத்தையும் துண்டாலோ முந்தானையாலோ மூடிக்கொண்டு, நேராக ஓடி, வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்த வேண்டும். பட்டு முந்தானையானாலும் யோசிக்க வேண்டாம். குளத்தில் குதிப்பது உதவாது. தலை தூக்கும்வரை தேனீ மேலேயே சுற்றும். குழந்தையை அணைத்துத் தூக்கி, அதன் முகத்தை நம் தோளில் புதைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

பத்திரமான இடத்துக்கு வந்ததும் கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். விஷப்பை தோலில் இருக்கும்வரை விஷம் இறங்கும். நகத்தால் சுரண்டினாலும் சரி, விரலால் எடுத்தாலும் சரி, சீக்கிரம் எடுப்பதுதான் கணக்கு. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். மோதிரம், வளையலை வீக்கம் வரும் முன்பே கழற்ற வேண்டும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவ வேண்டாம்.

மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம், வாந்தி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. உடனே 108. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே ஒரு கொட்டும் உயிரைப் பறிக்கலாம். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், குழந்தைக்கோ முதியவருக்கோ பல கொட்டுகள் விழுந்தாலும், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பொழுது சாயும்போது

ஊரின் மேற்கே கைலாசநாதர் கோயிலில் மாலையில் கூட்டம் குறைவு. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் எழுப்பிய கோயில். பிராகாரத்தைச் சுற்றி 58 சின்னச் சந்நிதிகள். சில மாடங்களில் பழைய ஓவியத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. 1,300 ஆண்டுகளாக இந்த ஊரில் அரசர்கள் மாறினார்கள், நெசவின் மோஸ்தர் மாறியது. கோயில்களைச் சுற்றிய மரங்கள் பூக்கும்போது தேனீ வருவது மட்டும் மாறவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் ஓய்கிறது. கொல்லை முருங்கையிலும் சத்தம் இல்லை. கடைசித் தேனீ, காலில் மகரந்தப் பொதியோடு, எங்கோ ஒரு சுவர்ப் பொந்துக்குள் நுழைகிறது. அந்த வீட்டில் யாரோ வாசல் விளக்கை அணைக்கிறார்கள். கொல்லைத் தட்டில் நாளைக்கான தண்ணீரை ஊற்றிவைத்தாகிவிட்டது.